கூப்பிட வேண்டியது அவன்

மாடியம்மா வீட்டு மாடி அறைக்கு வாடகை குறைவு. சட்டம் ஒன்றே ஒன்றுதான், தனியாக வருகிறவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பாள். ஜோடியாக வந்து நின்றாலும் சரி, குடும்பம் குட்டியோடு காரில் வந்து இறங்கி இரண்டு பங்கு தருகிறேன் என்றாலும் சரி, "காலி இல்லைங்களே" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிடுவாள். ஆனால் முதுகில் ஒரு பையும் காலில் தேய்ந்த செருப்புமாக, கடற்கரை விடுதிகளின் விலைப் பலகையைப் பார்த்து மலைத்துப்போய் ஒற்றை ஆளாகத் திரும்பி வருகிற முகத்தைத் தெருமுனையில் கண்டால் போதும். துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிடுவாள். பிழைக்கத் தெரியாதவள் என்று தெருவே சொன்னது. ஐஸ்காரரும் சொன்னார். ஐஸ்காரர் அவள் வீட்டுக்காரர். துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக ஐஸ்கட்டி இழுக்கிறவர்.

வந்து தங்குகிறவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது ஐஸ்காரருக்கு ஒரு பொழுதுபோக்கு. ஓயாமல் தும்மிக்கொண்டிருந்தவன் 'தும்மல்'. வெயிலிலும் மழையிலும் குடையை மடக்காத ஒரு பெரியவர் 'காளான்'. அந்த வியாழக்கிழமை மத்தியானம், முதுகில் மூட்டை மாதிரி ஒரு பையோடு வந்து, வாசல் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீரை நின்ற வாக்கில் குடித்து, மறுபடி நிரப்பி, அதையும் பாதி குடித்துவிட்டுத்தான் "ரூம் இருக்கா?" என்று கேட்ட பெண்ணுக்கு அவர் யோசிக்கவே இல்லை.

"ஒட்டகம் வந்திருக்கு பாரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

இருபத்தேழு, இருபத்தெட்டு வயசிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. மூன்று இரவு தங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நாலரை பஸ்ஸுக்குக் கிளம்புவேன் என்றாள். வாடகையைக் கேட்டதும் குறைக்கச் சொல்லித்தான் ஆரம்பித்தாள்.

"இதுக்கு மேல குறைச்சா நான்தான் உனக்குத் தரணும்" என்றாள் மாடியம்மா.

"வெந்நீர் வேண்டாம்மா. ஃபேன் கூட வேண்டாம். சோப்பு, மக்கு, துணி காயப்போடக் கயிறு எல்லாம் நானே வச்சிருக்கேன்."

"நல்லாயிருக்கே கதை! கட்டிலும் கொண்டு வந்திருந்தா வாடகையே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். மேல போய்க் காலை நீட்டு, போ. குறைச்சே குடு."

அன்று சாயங்காலம் டீ கொடுக்கிற சாக்கில் மாடியம்மா மேலே போய் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். எங்கே வேலை, வீட்டில் யார் யார், வீட்டுக்குப் போன் பண்ணினியா. ஒட்டகம் ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். நிற்கிறவள் என்றால் நிஜமாகவே நிற்கிறவள். காலை ஒன்பதிலிருந்து கடை சாத்துகிற வரைக்கும் உட்காரக்கூடாதாம். வருஷத்துக்கு நான்கு நாள் சேர்த்து லீவு கிடைக்கும். மிச்சம் பிடித்த காசில் ஒவ்வொரு வருஷமும் ஒரு கடலோர ஊர்.

"ஒத்தையா வந்து கடலைப் பார்க்கிறதுல என்னம்மா கிடைக்குது?"

"உட்கார இடம் கிடைக்குதும்மா. எழுந்திருன்னு யாரும் சொல்றதில்ல."

மாடியம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. அதைவிட, அவள் வாய்க்கு வாய் 'அம்மா' என்றது. ஊரில் எல்லோரும் அவளை மாடியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆனால் அது வேறு அம்மா. இந்த அம்மாவைக் கேட்டு வெகுநாளாயிற்று.

அடுப்பங்கரை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், நாலாக மடித்த துணிமேல் ஒரு சின்ன பட்டன் போன் இருக்கும். அதன் வால் எப்போதும் சார்ஜில் சொருகியிருக்கும். அது அவளுடைய போன். ஆனால் அதிலிருந்து அவள் யாரையும் கூப்பிடமாட்டாள், அந்த நம்பருக்கு யாரையும் கூப்பிடவும் விடமாட்டாள். அவளுடைய அண்ணனே ஒருமுறை நலம் விசாரிக்கக் கூப்பிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். "அந்த நேரம் பார்த்து எம்புள்ள கூப்பிட்டிருந்தா? லைன் பிஸின்னு வந்தா வச்சிட்டுப் போயிருவானே! மறுபடி எந்த ஊர்ல யார் போனைக் கடன் வாங்குவான்?" ஊர் உறவெல்லாம் பேச வேண்டுமென்றால் ஐஸ்காரர் போனில் பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

மகன் போய் மூன்று வருஷம். ஒரே பிள்ளை. படிப்பு ஏறவில்லை என்று அப்பா அவனை ஐஸ் கம்பெனிக்குக் கூட்டிப் போனார். உப்புத் தண்ணீர்த் தொட்டியில், நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்களை இறக்கி, ஒன்றரை நாள் உறையவிட்டு, சங்கிலி போட்டுத் தூக்கி, ஆள் உயரக் கட்டியை ஈரப் பலகையில் சறுக்கவிட்டுக் கொக்கியால் இழுத்துப் போய் அரைக்கிற மிஷினில் தள்ள வேண்டும். விரல் நுனியில் உணர்ச்சியே இருக்காது. பையன் ஏழு மாதம் தாக்குப்பிடித்தான். ஒரு விடியற்காலை மிஷின் பக்கத்தில் நின்றவாறே கண் அசந்துவிட்டான். ஐஸ்காரர் அவனைப் பின்னால் இழுத்துப் போட்டு, முப்பது பேர் பார்க்கக் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். "இனிமே இங்க வரமாட்டேன்" என்றான் பையன். "அப்படின்னா வீட்டுக்கும் வராதே" என்றார் இவர். மறுநாள் காலை பையன் இல்லை.

பையன் பையை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அந்தப் பையின் வார் அறுந்து கிடந்தது. நாலு நாளாக "அம்மா, இதைத் தச்சுக் குடேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். "நாளைக்கு, நாளைக்கு" என்று இவள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். வாரை முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போனதாகத் தெருமுனை டீக்கடையில் சொன்னார்கள். எத்தனை தூரம் தாங்கியதோ அந்த முடிச்சு!

முதல் வருஷத்தில் நான்கு தடவை கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் வேறு ஊர், வேறு யாருடைய போனோ. "நல்லாதான் இருக்கேம்மா. இங்க ஹோட்டல்ல வேலை. அடுத்த மாசம் வேற ஊருக்குப் போவேன்." அவ்வளவுதான், வைத்துவிடுவான். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. கடைசியாகக் கூப்பிட்டுக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆயிற்று.

அதனால்தான் அவள் ஒரு துணிப்பட்டை தைக்க ஆரம்பித்தாள். மாடியில் தங்குகிற ஒவ்வொருவர் பையையும் வாங்கி, நைந்த வாரை இரட்டை நூல் போட்டுத் தைத்துக் கொடுப்பாள். கூடவே, வாருக்கு அடியில், விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. அதில் கறுப்பு நூலால் போன் நம்பர். அதற்குக் கீழே 'அப்பா கோபம் போச்சு. வா.' பெயர் எதற்கு? நம்பரைப் பார்த்தால் அவனுக்குத் தெரியும். ஊர் ஊராகச் சுற்றுகிறவன், அதே மாதிரி சுற்றுகிற இன்னொருவன் கண்ணில்தான் படுவான். ஏதாவது ஒரு பஸ் ஸ்டாண்டில், ஏதாவது ஒரு மலிவு விடுதியில், பக்கத்தில் தூங்குகிறவன் பையில் அவன் இதைப் பார்க்கமாட்டானா? இது முப்பத்தேழாவது பை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஐஸ்காரர் வேலை முடிந்து, முழங்கால்வரை நனைந்த கால்சட்டையோடு வந்தபோது, மாடியம்மா கொல்லைப்படியில் உட்கார்ந்து ஒட்டகத்தின் பையை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டகத்துக்கும் வால் வைக்கிறியா?"

"உங்களுக்கு என்ன? போய்க் குளிங்க."

"எனக்குக் கோபம் போச்சுன்னு உங்கிட்ட யார் சொன்னா?"

"போகலையா?"

ஐஸ்காரர் குழாயடியில் கால்சட்டையைப் பிழிந்தார், பிழிந்ததையே பிழிந்தார். "ஊர் பூராவும் நம்ம வீட்டு வண்டவாளம் முதுகுல ஏறிப் போகுது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"போகட்டும். எனக்கு மானம் ரோஷம் எல்லாம் என் புள்ள வந்த பிறகு."

ஒட்டகம் மேலே கொடிக்கயிற்றில் துணி உலர்த்திக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் இறங்கி வந்து, என்ன ஏது என்று கேட்காமல், ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். கதையை மாடியம்மாவே சொன்னாள். முப்பத்தேழாவது தடவை சொன்னாலும் முடிச்சுப் போட்ட வார் வருகிற இடத்தில் ஊசியை நிறுத்தத்தான் செய்தாள்.

சனிக்கிழமை ஒட்டகம் ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு பாறை முனைக்குப் போனாள். கடலோரமாகவே இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் ஐந்தாகியும் வரவில்லை. காற்று வேறு மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. மாடியம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். ஐஸ்காரர் கூடச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆறு மணிக்கு, முகமெல்லாம் சிவந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"எங்கம்மா போயிட்ட? உசிரே போயிடுச்சு எனக்கு!"

"தண்ணி ஏறிடுச்சும்மா. வந்த வழி முழுகிப் போச்சு. மேட்டுப் பக்கமாச் சுத்தி வந்தேன். நீங்க தேடுவீங்கன்னு போன்கூடப் பண்ணினேனே."

"எந்த நம்பருக்கு?"

"பையில தச்சிருக்கீங்களே, அதுக்குத்தான். வேற நம்பர் எங்கிட்ட இல்லையே."

மாடியம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. போன் அடிக்கவே இல்லையே? நாள் முழுக்க அவள் அடுப்பங்கரையை விட்டு நகரவில்லை.

"யாரோ ஒரு ஆள் எடுத்தாரும்மா" என்றாள் ஒட்டகம். "பஞ்சர் கடையாம். 'நம்பர் தப்பு'ன்னு சொல்வாருன்னு பார்த்தா, 'மாடி வீடா? அவங்க நம்பர் மாறிப்போச்சு, வேற நம்பர் தர்றேன், எழுதிக்கோங்க'ன்னாரு. எழுதறதுக்குள்ள என் போன்ல சார்ஜ் தீர்ந்து போச்சு. நீங்கதான் அவர்கிட்டச் சொல்லி வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

மாடியம்மா உள்ளே ஓடி அந்தச் சின்ன போனை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள். ஒட்டகம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல காசு எப்ப போட்டீங்க?"

"காசு எதுக்கு? நான் யாரையும் கூப்பிடறதில்லையே. கூப்பிட வேண்டியது அவன். வர்ற போனுக்கு யாராவது காசு போடுவாங்களா?"

"அப்படி இல்லம்மா. ரொம்ப நாள் போடாம விட்டா நம்பரையே எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. இங்க பாருங்க, சேவை இல்லைன்னு காட்டுது."

"அதான் எழுத்து தெரியுதே! லைட் எரியுதே!"

"அந்த எழுத்துதாம்மா அது."

வீட்டை விட்டுப் போகிறதுக்கு முன்னால் பையன் போட்டுவிட்டுப் போன காசு ஒரு வருஷத்துக்குத் தாங்கியிருக்கிறது. அதற்கப்புறம் அவள் தினமும் துடைத்து, சார்ஜ் போட்டு, பக்கத்திலேயே காவல் இருந்தது வெறும் விளக்குக்கு. மாடியம்மா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, அவன் கூப்பிட்டிருப்பானே! கூப்பிட்டு, இந்த நம்பர் உபயோகத்துல இல்லைன்னு கேட்டிருப்பானே! அம்மாவும் கதவைச் சாத்திட்டான்னு நினைச்சிருப்பானே என் புள்ள!"

பிறகு சட்டென்று அழுகையை நிறுத்தித் தலையைத் தூக்கினாள். "பஞ்சர் கடைக்காரனுக்கு மாடி வீடு எப்படித் தெரியும்?"

ஐஸ்காரர் வாசல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏங்க, உங்களைத்தான்."

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கையில கொக்கி கிழிச்சுதே" என்றார் திரும்பாமலே. "ஆஸ்பத்திரியில வீட்டு நம்பர் கேட்டாங்க. மயக்கத்துல எனக்கு அந்த நம்பர்தான் வாயில வந்துச்சு. நர்ஸம்மா கூப்பிட்டுட்டு, 'என்னங்க, பஞ்சர் கடைன்னு சொல்றாங்க'ன்னுச்சு. மறுநாளே போன் கடைக்குப் போய் அந்த நம்பரைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

"ஒண்ணரை வருஷம். நான் செத்த போனுக்குச் சார்ஜ் போட்டுட்டு இருக்கிறதை ஒண்ணரை வருஷமாப் பார்த்துட்டு இருந்திருக்கீங்க."

"சொல்ல தைரியம் வரலடி. அந்தப் போனை வச்சுத்தானே நீ சாப்பிடுற, தூங்குற."

மாடியம்மா தரையிலிருந்து எழுந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து போனை உருவினாள். முப்பத்தேழு பைகளில் தைத்த நம்பர், கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். தன் நம்பரை அவள் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்கண்ணே" என்றது மறுமுனை. "என்ன, இன்னைக்கு சனிக்கிழமைல்ல? ஒருநாள் முன்னாடியே பண்ணிட்டீங்க?"

"நான்... அந்த நம்பர் என்னுதுங்க" என்றாள்.

மறுமுனையில் காற்றடிக்கிற மிஷின் சத்தம் நின்றது. "மாடியம்மாவா? ஐயய்யோ. உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா? இன்னைக்கு ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு, அப்பவே நினைச்சேன்."

"எங்க வீட்டுக்காரர் உங்ககிட்டப் பேசுவாரா?"

"வாரா வாரம்மா. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு டாண்ணு வந்துரும் போன். 'கூப்பிட்டானா தம்பி?'ன்னு கேட்பாரு. 'இல்லண்ணே'ம்பேன். அப்புறம் அங்க மழையா இங்க வெயிலான்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிருவோம்."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. "தெருமுனைக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் சட்டை மாட்டிக்கொண்டு போகிற நேரம். சீட்டாடப் போகிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

"அவன் கூப்பிட்டா என்ன சொல்லச் சொல்லியிருக்காரு?"

"அதை எழுதிச் சுவத்துல ஒட்டியே வச்சிருக்கேம்மா, மறந்துரக்கூடாதுன்னு. படிக்கட்டா? 'அம்மா போன் மாறிடுச்சு, அப்பா நம்பருக்குப் பேசு. அன்னைக்கு உன் கை மிஷின் பல்லுக்குள்ள போக இருந்துச்சுடா. அந்தப் பயத்துல அடிச்சுட்டேன். தூங்கினதுக்கு அடிக்கல.' இவ்வளவுதாம்மா."

மாடியம்மா வாசலைப் பார்த்தாள். அந்த மனுஷன் அங்கேயே நின்று, காய்த்துப்போன கையை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் இந்த வார்த்தையை அவளிடம் சொல்லவில்லை, முன்பின் பார்த்திராத ஒரு பஞ்சர் கடைக்காரனிடம் சொல்லியிருக்கிறார். அவளுக்கு அவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

"தம்பி, ஒரே ஒரு உதவி" என்றாள் போனில். "அந்த நம்பருக்கு மறக்காம காசு போட்டுடுங்க. விட்டுடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அட, என்னம்மா நீங்க. என் கடைப் பலகையிலேயே அந்த நம்பர்தான். விடுவேனா?"

ஒட்டகம் தன் பையை எடுத்து வந்தாள். "இந்தப் பட்டையைப் பிரிச்சிட்டு ஐயா நம்பரைத் தச்சுரலாமாம்மா?"

"வேண்டாம். அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது அந்த நம்பர்தான். அதைப் பார்த்தாத்தான் நிப்பான்" என்றாள் மாடியம்மா. அப்புறம் ஐஸ்காரர் பக்கம் தலையைக் காட்டி, "கீழே எழுதியிருக்கிறதும் இருக்கட்டும். அது பொய்யில்லை" என்றாள். அன்றைக்கு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் அவருக்கு மீனை முள்ளெடுத்துத்தான் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ஒட்டகம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் வந்து, அறையைப் பெருக்கி, கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, பையைக் கட்டினாள். நாலு மணிக்கு ஐஸ்காரர் வழக்கம்போலச் சட்டையை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க? இங்கேயே உட்கார்ந்து பேசுங்க. நானும் கேட்கிறேன்."

அவர் கூச்சத்தோடு மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒட்டகம் பையை முதுகில் ஏற்றிக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகலாம் என்று எதிரே நின்றாள். ஐஸ்காரர் நம்பரை அழுத்தி, எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினார்.

'நீங்கள் அழைக்கும் நபர் மற்றொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்' என்றது ஒரு பெண் குரல்.

ஐஸ்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து உற்றுப் பார்த்தார். "இப்படி வந்ததே இல்லையே. ஞாயித்துக்கிழமை அவனுக்குக் கடை லீவு. ஈ காக்கா கூப்பிடாது. நாலு மணின்னா போனைக் கையிலேயே வச்சிட்டு உட்கார்ந்திருப்பான்."

"பொண்டாட்டிகிட்டப் பேசிட்டு இருப்பாரு" என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. ஐஸ்காரர் மறுபடி அழுத்தப் போனார். மாடியம்மா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எந்த 'லைன் பிஸி'க்குப் பயந்து மூன்று வருஷம் அந்தப் போனில் யாரையும் பேசவிடாமல் வைத்திருந்தாளோ, அதே 'லைன் பிஸி'.

"வைங்க. நீங்க பண்ணாதீங்க. லைனை விடுங்க, அவன் பேசட்டும்."

"அவன்தான்னு எப்படி..."

"பேசட்டும்ங்கறேன்ல."

ஒட்டகத்தின் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "வர்றேம்மா" என்றாள். தங்கிப் போகிற ஒவ்வொருவரையும் தெருமுனைவரை கூட்டிப் போய், கை காட்டி அனுப்புகிறவள் மாடியம்மா. அன்று தலையைத் தூக்கவில்லை, "போயிட்டு வா" என்று கையை மட்டும் அசைத்தாள். ஒட்டகம் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

படியில் இரண்டு பேரும், நடுவில் ஐஸ்காரருடைய போனும். மாடியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போனுடைய மணியை அவள் காதுகொடுத்துக் கேட்டதே கிடையாது. அவளுக்குக் காத்திருக்க வேறொரு போன் இருந்தது.

"ஏங்க, இது எப்படி அடிக்கும்?" என்று கேட்டாள்.

"சத்தமாத்தான் அடிக்கும்" என்றார் ஐஸ்காரர்.